ஏழு போடு தாயி

சிம்பொனி என்றால் நாலு பகுதி. கான்செர்ட்டோ என்றால் மூன்று. சொனாட்டா என்றால் மூன்றோ நாலோ. மேற்கத்திய சாஸ்திரீய இசையைக் கொஞ்சமாவது காதில் போட்டுக்கொள்கிறவர்களுக்கு இது பழகிப்போன கணக்கு. முதலில் ஒரு வேகம், அப்புறம் ஒரு நிதானம், மூன்றாவது நடன நடையில், நாலாவது மறுபடி வேகமெடுத்து டம் டம் என்று முடிப்பு. இந்த ஒவ்வொரு துண்டையும் அவர்கள் மூவ்மென்ட் என்கிறார்கள். தமிழில் 'இயக்கம்' என்று எழுதிப் பார்த்தேன், ஏதோ கட்சி ஆரம்பிக்கிற மாதிரி இருந்தது. அதனால் இங்கே 'பகுதி' என்றே வைத்துக்கொள்கிறேன், தமிழறிஞர்கள் பொறுத்துக்கொள்ளவும் :-)

இந்த நாலு என்கிற கணக்கை வழக்கமாக்கியதில் பெரிய பங்கு ஹைடனுக்கு. நூறு சிம்பொனிக்கு மேல் எழுதிய மனிதர். அவர் ஆரம்பத்தில் மூன்று பகுதியோடும் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் ஓய்வதற்குள், 'சிம்பொனியா, நாலு' என்று ஆகிவிட்டது. நான் சொல்ல வந்தது அந்த நாலுக்குள் அடங்காத சிலவற்றைப் பற்றி. ஐந்து, ஆறு, ஏழு, பத்து, அல்லது ரெண்டே ரெண்டு. எங்கள் வீட்டில் மிஞ்சி நிற்பது இவைதான். அதற்குக் காரணம் என் ரசனை இல்லை, அப்பாவின் ஞாபக முறை.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன். நான் மும்பைக்கு வேலைக்கு வந்தது 1999-ல். ஹிந்தி தெரியாது, மராத்தி தெரியாது, வடாபாவ் மட்டும் தெரியும். ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர் கோவாக்காரர், சர்ச்சில் வயலின் வாசிப்பவர். அவர் கொடுத்த கேசட்டில் ஆரம்பித்தது இந்தப் பழக்கம். அப்புறம் காலா கோடா ரிதம் ஹவுஸில் சம்பளத்துக்கு அடுத்த சனிக்கிழமைகளில் ஒவ்வொன்றாக சிடி சேர்த்தேன். அந்தக் கடை 2016-ல் மூடியபோது, வீட்டில் ஒரு அலமாரி நிறைந்திருந்தது. ரங்கமணிக்கு அதில் ஒன்றும் பிடிக்காது. "ஆபீஸ் லிஃப்ட்ல வர்ற மியூசிக்" என்பார்.

அதே 2016 ஜனவரியில் அம்மா போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்து சில வாரத்தில் அப்பாவை முலுண்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். அவருக்கு அப்போது 74. கோவில்பட்டியில் ஒரு மில்லில் கணக்கு எழுதியே காலத்தைக் கழித்தவர். சங்கீதம் என்றால் அவருக்கு நாதஸ்வரம்தான். காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்த ஊரல்லவா. காருகுறிச்சியார் 1964-ல் மறைந்தபோது அப்பாவுக்கு 22 வயது. அதற்கு முன் கேட்ட ராத்திரிகளை எல்லாம் தேதியோடு சொல்லுவார்.

ஆனால் மும்பைக்கு வந்தபிறகு நாதஸ்வரம் போடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றுவிடுவார். செண்பகவல்லி அம்மன் கோயில் திருவிழாவில் அம்மாவும் அவரும் சேர்ந்து நின்று கேட்ட சங்கதி அது. சினிமாப் பாட்டும் வேண்டாம், அதிலும் எங்கேயாவது அம்மா இருந்தாள். ராத்திரி தூக்கம் வராது. ஹாலில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருப்பார். கீழே ஸ்டேஷனில் கடைசி லோக்கல் போனபிறகும் உட்கார்ந்திருப்பார். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். நாங்கள் பேச்சை எடுத்தாலும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

அப்படி ஒரு ராத்திரி அவர்தான் கேட்டார். "ஒங்கிட்ட அந்த வெள்ளக்காரன் பெட்டி இருக்குல்லா, அதப் போடேன். அதுல எனக்கு யாரையும் தெரியாது."

அதில் யாரையும் தெரியாது என்பதுதான் அவருக்கு வசதியாக இருந்தது.

பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை. சிடி உறையில் எண்களைப் பார்ப்பார். கணக்குப்பிள்ளை கண்ணுக்கு எண்தான் படும். எத்தனை பகுதி என்பதுதான் அவருக்கு அதன் பெயர். இதில் ஒரு சிக்கல் என்னவென்றால், நாலு பகுதி உள்ளதெல்லாம் 'நாலு' ஆகிவிட்டது. அலமாரியில் பாதி 'நாலு'. மொசார்ட்டும் நாலு, பிராம்ஸும் நாலு. எந்த நாலு என்று பிரித்துச் சொல்ல முடியாததால் அவர் அவற்றைக் கேட்பதையே விட்டுவிட்டார். தனி எண் உள்ளவை மட்டும் பிழைத்தன. ஹைடன் கேட்டால் வருத்தப்படுவார்.

முதலில் அவருக்குப் பிடிபட்டது 'அஞ்சு'. பீத்தோவனின் ஆறாவது சிம்பொனி, பாஸ்டோரல். (வரிசையில் ஆறாவது, பகுதி ஐந்து. இதை அப்பாவுக்குப் புரியவைக்க ஒரு மாதம் ஆனது.) கிராமத்துக்குப் போகிற சந்தோஷம், ஓடைக்கரை, ஊர்க்காரர்கள் கூத்து, இடிமழை, மழை விட்டபின் இடையன் பாட்டு. வழக்கமான நாலுக்கு நடுவே பீத்தோவன் கூடுதலாகச் செருகியது அந்த மழைதான். செருகியது என்றால் ஏனோதானோ என்று இல்லை. மூன்றாவது பகுதியிலிருந்து நிறுத்தாமல் மழைக்குள் போய், நிறுத்தாமல் ஐந்தாவதுக்கு வந்துவிடுகிறது. டிம்பனி என்கிற அந்தப் பெரிய முரசு ஜோடி மொத்த சிம்பொனியிலும் மழைப் பகுதியில் மட்டும்தான் அடிக்கிறது. பிக்கோலோ என்கிற கீச்சுப் புல்லாங்குழலும் அப்படித்தான். அதுவரை வாத்தியக்காரர்கள் அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் நான் சொல்வதற்கு முன்பே, அடியில் செல்லோக்கள் லேசாக உறும ஆரம்பித்ததுமே அப்பா சொன்னார், "மழ வருது." கரிசல்காட்டுக்காரருக்கு மழையை யாராவது சொல்லித்தர வேண்டுமா? மும்பை மழைக்கு அவரிடம் மரியாதை கிடையாது, "இது குழாய் ஒடஞ்ச மாதிரி" என்பார். பீத்தோவன் மழையை மட்டும் ஒப்புக்கொண்டார். "இவன் வானத்தப் பாத்து எழுதியிருக்கான்."

இந்த சிம்பொனி முதன்முதலில் அரங்கேறியது 1808 டிசம்பர் 22, வியன்னாவில். அதே ராத்திரி ஐந்தாவது சிம்பொனியும், இன்னும் என்னென்னவோ சேர்த்து, மொத்தம் நாலு மணி நேரம், சூடேற்றாத அரங்கத்தில். வந்தவர்கள் நொந்துபோனார்களாம். "நாலு மணி நேரத்துக்கே அலுத்துக்கிட்டானுவளா? நம்ம ஊர்ல சாமி பொறப்பாடே அதுக்கப்புறம்தான" என்றார் அப்பா.

ஒரு நேரடிக் கச்சேரிக்கும் அவரைக் கூட்டிப்போனேன், தெற்கு மும்பையில். முதல் பகுதி முடிந்ததும் அப்பா கை தட்டிவிட்டார், பலமாக. அவர் ஒருவர்தான். முன்வரிசையில் ஒரு அம்மணி திரும்பி ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அந்தப் பார்வையில் முலுண்டு, கோவில்பட்டி எல்லாம் எரிந்துபோயிருக்கும். பகுதிகளுக்கு நடுவே தட்டக்கூடாது என்பது நாகரிகமாம். ஆனால் இது பின்னால் வந்த நாகரிகம். பீத்தோவன் காலத்தில் பகுதிக்குப் பகுதி தட்டினார்கள். பிடித்திருந்தால் 'திரும்ப வாசி' என்று கத்தி அந்தப் பகுதியை மறுபடி வாங்கிக் கேட்டுவிட்டுத்தான் அடுத்ததுக்கு விட்டார்கள். அப்பா தட்டியதுதான் சரியான சம்பிரதாயம் என்று அந்த அம்மணிக்கு யாராவது சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை, எனக்கு இங்கிலீஷில் சண்டை போட வராது.

நிற்க. இப்போது 'ஏழு'.

பீத்தோவனின் சி ஷார்ப் மைனர் நால்வர் இசை, ஓபஸ் 131. ரெண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. 1826-ல் எழுதி முடித்தது. ஏழு பகுதிகள். நாற்பது நிமிஷத்துக்குப் பக்கம். நடுவில் ஒரு இடத்திலும் நிறுத்தம் கிடையாது. ஒரு பகுதியின் வால் அடுத்ததன் தலையோடு கட்டியிருக்கும். தட்டுவதற்கு இடமே இல்லை. அந்த அம்மணிக்கும் அப்பாவுக்கும் ஒரே நேரத்தில் பொருந்துகிற ஒரே படைப்பு இதுதான் என்று நினைக்கிறேன்.

வாசிப்பவர்களுக்கு இதில் இன்னொரு கஷ்டம். சாதாரணமாகப் பகுதிகளுக்கு நடுவே தந்தியை முறுக்கிச் சுருதி சரிசெய்துகொள்வார்கள். இதில் அதற்கு நேரமில்லை. நாற்பது நிமிஷத்தில் நாலு வாத்தியமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதி விலகும். விலகின சுருதியோடேயே ஒருவரையொருவர் அனுசரித்து விரலை நகர்த்தி வாசித்துக் கரையேற வேண்டும். இதை ரங்கமணியிடம் சொன்னபோது "நம்ம வீடு மாதிரி" என்றார். அவர் இந்த இசையைப் பற்றிச் சொன்ன ஒரே உருப்படியான வாக்கியம்.

ஆரம்பமே வித்தியாசம். வேகமாக ஆரம்பிக்க வேண்டிய இடத்தில் மெதுவாக ஒரு ஃபியூக். ஒரு வயலின் தனியாக ஒரு வரி வாசிக்கும். அது முடிவதற்குள் இரண்டாவது வயலின் அதே வரியோடு உள்ளே வரும், அப்புறம் வியோலா, அப்புறம் செல்லோ. எந்தப் பாடப் புத்தகத்தையும் விட அப்பாவின் விளக்கம் தேவலை. "மொத ஆளு சொன்னதையே அடுத்தவனும் சொல்லுதான். ஆனா மொத ஆளு வாய மூடல. எழவு வீட்டுல பொம்பளைங்க பேசுத மாதிரி."

ஏழில் மூன்றாவது பகுதி மொத்தம் பதினோரு தாளக்கட்டுதான். ஒரு நிமிஷம்கூட இல்லை. ஆறாவதும் சின்னது, இருபத்தெட்டு. நாலாவதோ கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சாதாரண மெட்டை எடுத்து அதைத் திருப்பித் திருப்பி வேறு வேறாக்கிக் காட்டும். அதனால் சில பேர் இது ஏழு இல்லை, சின்ன ரெண்டையும் முன்னுரையாகத் தள்ளிவிட்டால் ஐந்துதான் என்பார்கள். நானும் அப்படி ஒருநாள் சொல்லிப்பார்த்தேன். அப்பா விடவில்லை. "எழுதினவன் நம்பர் போட்ருக்கானா?" போட்டிருக்கிறான், ஒன்றிலிருந்து ஏழு வரை. "அப்பம் ஏழுதான். சில்லறன்னு பேரேட்டுல விட்ருவியா? பதினோரு பைசா ஒதச்சாலும் ராத்திரி பூரா ஒக்காந்து தேடுவோம்."

இன்னொரு வேடிக்கை. அச்சிடுவதற்கு அனுப்பிய பிரதியில் பீத்தோவன், இங்கேயும் அங்கேயும் திருடி ஒட்டியது என்கிற மாதிரி ஒரு குறிப்பை எழுதிவைத்தார். பதிப்பாளர் பதறிப்போனார். புத்தம் புதுசுதான், விளையாட்டுக்கு எழுதினேன் என்று அப்புறம் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தக் குறும்பு எழுதின வருஷக் கோடையில்தான் அவர் மகன் மாதிரி வளர்த்த தம்பி மகன் கார்ல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டான். பிழைத்தான். பிறகு அவனைத் தன் படையில் சேர்த்துக்கொண்ட தளபதிக்குத்தான் இந்த ஏழைச் சமர்ப்பணம் செய்தார் பீத்தோவன். அடுத்த வருஷம் 1827-ல் அவரே போய்விட்டார், இது அச்சில் வருவதைப் பார்க்காமல். அதற்கும் அடுத்த வருஷம் ஷூபர்ட் சாகக் கிடந்தபோது இதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார் என்று சொல்வார்கள். கேட்ட சில நாட்களில் அவரும் இல்லை. வயது 31.

'பத்து' அப்பாவுக்கு ஆகவே ஆகாது. "அது வேண்டாம் தாயி, தல வலிக்கி." ஒலிவியே மெசியான் என்கிற பிரெஞ்சுக்காரர் 1946 முதல் 1948 வரை எழுதிய துரங்கலீலா சிம்பொனி. பெயர் நம்முடையதுதான், துரங்கம் என்றால் குதிரை, லீலா என்றால் விளையாட்டு. 1949-ல் பாஸ்டனில் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் நடத்தி அரங்கேறியது. ஒண்டேஸ் மார்ட்டெனோ என்று ஒரு மின்சார வாத்தியம் வரும், கறுப்பு வெள்ளைப் பேய்ப் படத்தில் ஊளையிடுமே, அது மாதிரி. எனக்குப் பிடிக்கும். வீட்டில் தனியாக இருக்கும்போது மட்டும் கேட்பேன்.

ஆனால் அந்தப் பத்தினால் எங்களுக்கு ஒரு நல்ல பயணம் வாய்த்தது. மெசியான் தன் தாளங்களுக்குக் கைவைத்தது சாரங்கதேவரின் சங்கீத ரத்னாகரத்தில். அதிலுள்ள 120 தேசி தாளங்களின் பட்டியலைப் பாரிஸில் ஒரு கலைக்களஞ்சியத்தில் பார்த்து, அதிலிருந்து எடுத்துக்கொண்டார். சாரங்கதேவர் 13-ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர் அரசவையில் இருந்தவர். தேவகிரி என்பது இன்றைய தௌலதாபாத், எல்லோராவுக்குப் பக்கத்தில். 2017-ல் தீபாவளி லீவுக்கு எல்லோரா போகும்போது அங்கேயும் போனோம். அப்பாவால் கோட்டை ஏற முடியாது, கீழே நிழலில் உட்கார்ந்திருந்தார். சாரங்கதேவர் குடும்பம் காஷ்மீரத்திலிருந்து தெற்கே பிழைக்க வந்த குடும்பம், அரசவையில் அவருக்கு உத்தியோகம் கணக்கு வழக்கு என்று சொன்னேன். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கணக்குப்பிள்ளையா?"

"ஆமாப்பா. ராஜாவோட கணக்கு."

அன்றைக்கு ஹோட்டலுக்குத் திரும்பியதும் பத்தைப் போடச் சொன்னார். மூன்று பகுதி தாக்குப்பிடித்தார். அவ்வளவு மரியாதை போதும் என்று படுத்துவிட்டார்.

ஆறில் எங்களிடம் மூன்று இருக்கின்றன என்பதால் அவற்றுக்கு அடைமொழி உண்டு. 'நீள ஆறு' என்பது மாலரின் மூன்றாவது சிம்பொனி. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். முதல் பகுதியே அரை மணி நேரம் தாண்டும். ஏழாவதாக ஒரு பாட்டும் வைத்திருந்தார், அதைக் கழற்றி அடுத்த சிம்பொனிக்குக் கடைசிப் பகுதியாக்கிவிட்டார். கடைசியில் வருகிற அந்த மெதுவான ஆறாவது பகுதிக்காக மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

'ஈ ஆறு' என்பது ஷோஸ்டகோவிச்சின் கடைசி நால்வர் இசை, 15-ஆவது, 1974-ல் எழுதியது. ஆறு பகுதி, ஆறும் அடாஜியோ, அதாவது ஆறும் மெதுவானவை. அடுத்த ஆகஸ்டில் அவர் இறந்துபோனார். முதல் பகுதியை எப்படி வாசிக்க வேண்டும் என்றால், பறக்கிற ஈ நடு வானத்திலேயே செத்து விழ வேண்டும், ஜனங்கள் அலுத்துப்போய் எழுந்து போக வேண்டும் என்று அவர் சொன்னதாகக் கதை உண்டு. அப்பா முழுவதும் கேட்டுவிட்டு, "ஈ செத்துருக்கும், நான் சாவல" என்றார்.

மூன்றாவது 'அழுவுற ஆறு'.

இதுவும் பீத்தோவன், ஓபஸ் 130. ஆறு பகுதியில் ஐந்தாவதுக்குக் கவட்டீனா என்று பெயர். ஆறேழு நிமிஷம்தான். அதன் நடுவில் ஒரு இடம் வரும். கீழே மூன்று வாத்தியமும் ஒரே சீராகத் துடித்துக்கொண்டிருக்க, முதல் வயலின் மட்டும் தாளத்தோடு ஒட்டாமல், வாக்கியத்தை முடிக்க முடியாமல், திக்கித் திக்கி வாசிக்கும். அந்த இடத்தில் பீத்தோவன் ஜெர்மனில் ஒரு வார்த்தை எழுதியிருக்கிறார், நெஞ்சடைத்தபடி என்று அர்த்தம். 

2017 ஜனவரி. அம்மாவுக்கு முதல் வருஷத் திதிக்கு ரெண்டு நாள் முன்னால். அதுவரை ஒரு வருஷமாக அப்பா அம்மா பெயரை எடுக்கவில்லை. ராத்திரி பதினொரு மணி இருக்கும், இதைப் போட்டிருந்தேன். அந்தத் திக்குகிற இடம் வந்தது. எட்டு தாளக்கட்டு இருக்குமா, அவ்வளவுதான். அப்பா சொன்னார், "இவன் அழுதுட்டே வாசிக்கான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"ஆஸ்பத்திரில கடைசி அன்னிக்கு ஒங்கம்மா என்னமோ சொல்ல வந்தா. இப்பிடித்தான். வார்த்த வருது, நிக்கி. வருது, நிக்கி. எனக்கு வெளங்கல. சரி சரின்னு சொல்லிட்டேன். என்னத்துக்கு சரின்னு சொன்னேன்னே தெரியல தாயி."

அப்புறம் விடிகிறவரை அம்மாவைப் பற்றிப் பேசினார். கல்யாணமான புதிதில் அவள் மில் சங்கு ஊதுவதற்கு முன்னால் வாசலில் வந்து நிற்பது, என்னை மும்பைக்கு ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது ரெண்டு பேரும் பஸ்ஸில் ஒன்றும் பேசாமல் வந்தது, எல்லாம். ரங்கமணி எழுந்துவந்து காபி போட்டுக் கொடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனார். லிஃப்ட் மியூசிக் என்று அதற்கப்புறம் அவர் சொன்னதில்லை.

இந்தக் கவட்டீனா 1977-ல் வாயேஜர் விண்கலத்தில் வைத்து அனுப்பிய தங்கத் தட்டில் கடைசி உருப்படி. அதற்கு ரெண்டு உருப்படி முன்னால் நம்ம கேசர்பாய் கேர்க்கர் பாடிய பைரவி இருக்கிறது. கோவாவில் பிறந்து மும்பையில் வாழ்ந்தவர். சூரிய மண்டலத்தின் ஓரம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. அப்பாவிடம் சொன்னதும், "அங்க யாரு இருக்கா கேக்க?" என்றார்.

இந்த ஆறில் இன்னொரு வழக்கும் உண்டு. 1826 மார்ச்சில் முதன்முதலாக வாசித்தபோது ஆறாவது பகுதி ஒரு மகா ஃபியூக். கால் மணி நேரம், கரடுமுரடு, யாருக்கும் பிடிபடவில்லை. இரண்டாவதையும் நாலாவதையும் திரும்ப வாசிக்கச் சொன்ன ஜனம், இதைக் கேட்டு மிரண்டுவிட்டது. பதிப்பாளர் மெல்லப் பேசி, அதைத் தனியாக வெட்டி வெளியிட்டுவிட்டு வேறு ஒரு முடிவு எழுதித் தரச் சொன்னார். ஆச்சரியம், பீத்தோவன் ஒத்துக்கொண்டார். இலையுதிர்காலத்தில் லகுவாக, கிட்டத்தட்ட கும்மாளமாக ஒரு முடிவு எழுதிக் கொடுத்தார். அவர் முழுசாக முடித்த கடைசி உருப்படி அது. இன்றைக்கு எந்த முடிவை வாசிப்பது என்பது அந்தந்த நால்வர் குழுவின் இஷ்டம். நான் ஃபியூக் கட்சி. கவட்டீனாவுக்கு அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி கும்மாளம் போடுவது எனக்கு ஒப்பவில்லை. அப்பா மற்றக் கட்சி. "அழுதவன் எந்திரிச்சு மொகத்தக் கழுவுதான். அதுல என்ன தப்பு?"

இனி 'ரெண்டு'. பியானோ சொனாட்டா, ஓபஸ் 111, 1822. முதலில் ஒரு ஆவேசம். இரண்டாவது, ஒரு எளிமையான பாட்டு மாதிரி ஆரம்பித்து, பிரிந்து பிரிந்து, கடைசியில் வெறும் நடுக்கமாக உச்சியில் மின்னிக்கொண்டே இருந்து அடங்கிவிடும். அவ்வளவுதான். மூன்றாவது ஏன் இல்லை என்று அவருடைய உதவியாளர் ஷிண்ட்லர் கேட்டதற்கு, நேரமில்லை என்று பதில் சொன்னாராம். ஷிண்ட்லர் நிறைய அளந்துவிடுகிற ஆள், நம்பிக்கையில்லை. ஆனாலும் கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான். தாமஸ் மன் தன் டாக்டர் ஃபாஸ்டஸ் நாவலில் இந்த மூன்றாவது பகுதி இல்லாமைக்கு ஒரு பிரசங்கமே வைத்திருக்கிறார். (ஷூபர்ட்டின் முடியாத சிம்பொனியும் ரெண்டுதான். ஆனால் அவர் மூன்றாவதை ஆரம்பித்துவிட்டு விட்டது அது. கணக்கில் வராது என்று அப்பா தள்ளுபடி செய்துவிட்டார்.)

2018-ல் கோவில்பட்டி வீட்டுக்கு ஒரு நல்ல விலை வந்தது. அண்ணன் ஹைதராபாத்தில். வித்துவிடலாம், அப்பா மும்பையிலும் ஹைதராபாத்திலுமாக மாறி மாறி இருக்கட்டும் என்பது அவன் யோசனை. நியாயமான யோசனைதான். எனக்கும் அப்பா பக்கத்தில் இருந்தால் நிம்மதி. போனை ஸ்பீக்கரில் போட்டு அண்ணன் அரை மணி நேரம் பேசினான். பராமரிப்புச் செலவு, ஆஸ்பத்திரி வசதி, தனியாக விழுந்துகிழுந்து வைத்தால் யார் தூக்குவது, எல்லாம். நானும் ஆமாம் போட்டேன். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் சொன்னார்:

"வீட்ட விக்கல. நான் ஊருக்குப் போறேன்."

அண்ணன் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு என்னைக் கேட்டான், "வேற ஒண்ணும் சொல்லலியா?"

"ரெண்டுதான்" என்றேன். அவனுக்குப் புரிந்திருக்காது.

அந்த ஜூனில் கொண்டுபோய் விட்டு வந்தேன். சமையலுக்கு ஒரு அக்கா ஏற்பாடு, மாடிக்கு ஒரு குடித்தனம், எதிர் வீட்டில் ஒரு சாவி. எனக்கு முதல் ஆறு மாதம் ராத்திரி போன் அடித்தாலே வயிறு கலங்கும். இப்போதும் கலங்கும், எண்பது தாண்டிவிட்டது அவருக்கு. வருஷத்துக்கு மூன்று தடவை போய் வருகிறேன். ஒரு நல்ல ஸ்பீக்கர் வாங்கி வைத்து, போனில் எல்லாவற்றையும் அவர் எண் வரிசைப்படியே ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். நாதஸ்வரமும் இப்போது கேட்கிறார். அதற்கு நம்பர் கிடையாது.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது திண்ணையில் அப்பாவோடு இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். கோயிலில் வாசித்து ஓய்ந்த நாதஸ்வரக்காரர், அவருக்கும் எழுபதுக்கு மேல் இருக்கும். அப்பா அவருக்கு ஏழைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு நாற்பது நிமிஷமும் அசையாமல் கேட்டார். முடிந்ததும் ரொம்ப நேரம் கழித்துத்தான் வாயைத் திறந்தார்.

"அண்ணாச்சி, எல்லாம் சரி. இதுல மூச்சு வாங்க எங்கய்யா எடம் வச்சிருக்கான்?"

"வைக்கல" என்றார் அப்பா. "இன்னொருக்க போடட்டா?"